முதுகுப் பயிற்சி: இந்த வாரம் வந்த கேள்விகள்

கே: புல்-அப் (கம்பியில் தொங்கி, தாடை மேலே வரும்வரை உடலை இழுப்பது) ஒன்றுகூட வரவில்லை. லேட் புல்டவுன் (உட்கார்ந்தபடி, மேலே தொங்கும் எந்திரக் கம்பியைக் கீழே இழுப்பது) மட்டும் செய்தால் வந்துவிடுமா?

வராது. ஸ்டூல் போட்டு ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கிற நிலையில் பிடித்துக்கொண்டு, 5 விநாடி எண்ணி மெதுவாக இறங்குங்கள். ஒரு செட்டுக்கு (ஓய்வெடுக்காமல் ஒரே தொடராக) 4, 5 தடவை, வாரத்துக்கு மூன்று நாள். புல்டவுனும் கூடவே இருக்கட்டும்.

கே: புல்டவுனில் கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இழுக்கலாமா?

வேண்டாம். முன்பக்கம், காரை எலும்பு வரை. அப்போதுதான் தோள்பட்டை தப்பும்.

கே: டெட்லிஃப்டில் (தரையில் கிடக்கும் எடைக் கம்பியைப் பிடித்துத் தூக்கி நிமிர்வது) 100 கிலோ தூக்குகிறேன். மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. என்ன செய்ய?

எத்தனை மாதப் பயிற்சி, செட்டுக்கு எத்தனை தடவை, அந்த 100-ல் கம்பியின் 20 கிலோ அடக்கமா என்று எதுவுமே எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். முதலில் எடையைக் குறையுங்கள், பாதி போதும்.

அப்புறம் உங்கள் ஜிம்மின் பிளேட்டை, அதாவது கம்பியின் முனைகளில் மாட்டும் வட்ட எடையைப் பாருங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் ஜிம் வைத்திருப்பவர்கள் காதில் ஏறுவதில்லை. போட்டிக்கான பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதை மாட்டினால் கம்பி தரையிலிருந்து சுமார் 22 செ.மீ. உயரத்தில், கெண்டைக்கால் நடுவில் நிற்கும். தெருவுக்குத் தெரு இருக்கும் ஜிம்களில் சின்ன இரும்பு பிளேட்தான், பக்கத்துக்கு நாலு பத்துக் கிலோ மாட்டி 100 ஆக்கினாலும் கம்பி கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் கிடக்கும். அவ்வளவு கீழே குனியத் தொடைப் பின்தசை இடம் தராது, அதனால் முதுகு வளைகிறது, வளைந்த முதுகோடு பாரத்தை வெடுக்கென்று பிடுங்குகிறீர்கள், கடைசியில் பழி டெட்லிஃப்டுக்கு. இரண்டு பக்கமும் பிளேட்டுக்கு அடியில் மரக்கட்டையோ வேறு பிளேட்டுகளையோ அடுக்கி உயர்த்துங்கள். கட்டை கூடாது என்று பயிற்சியாளர் முறைத்தால், நின்ற நிலையில் தொடங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை மட்டும் இறக்கும் ருமேனியன் டெட்லிஃப்ட் செய்யுங்கள். இதிலும் எடையைக் குறைத்துத்தான்.

கே: எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட் வாங்கலாமா?

வெறும் கம்பியோடு மூச்சை வயிற்றில் இறுக்கிப் பிடிக்கப் பழகியபின் கேளுங்கள்.

கே: ஜிம்முக்கு நேரமில்லை, வீட்டில் தினமும் 50 தண்டால் எடுக்கிறேன். முதுகுக்குப் போதுமா?

தண்டால் மார்புக்கும் தோளுக்கும். முதுகு வளர எதையாவது இழுக்க வேண்டும். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் 5 லிட்டர் தண்ணீர் கேனை இடுப்புப் பக்கம் இழுங்கள், முழங்கை பின்னால் போகட்டும். 15 தடவை சுலபமாக வந்தால் 10 லிட்டர். எடுத்த எடுப்பில் 20 லிட்டர் கேனைத் தூக்கிவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

கே: முதுகு வலிக்கிறது, வலது கால் மரத்துப்போகிறது. எந்தப் பயிற்சி நல்லது?

டாக்டரிடம் போவது. மலம், சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே, நேராக அவசரப் பிரிவுக்கு.