யார்டெனியின் 70 சதவீதம்: ஒய்2கே பற்றிச் சில கேள்விகள்

சார், 2000 பிறந்ததும் கணினிகள் தேதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு குழம்பும் என்று பயந்தார்களே, அந்த ஒய்2கே பற்றிப் படிக்கும்போதெல்லாம் யார்டெனி என்ற பெயர் வருகிறது. கம்ப்யூட்டர் ஆளா?

இல்லை. எட்வர்ட் யார்டெனி வால் ஸ்ட்ரீட்டில், அதாவது நியூயார்க் பங்குச் சந்தை வட்டாரத்தில், பொருளாதார நிபுணர். அப்போது டாய்ச் வங்கியின் அமெரிக்கப் பங்குப் பிரிவில் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தார். தொண்ணூறுகளில் சந்தை இன்னும் ஏறும் என்று சொல்லிவந்தவர். எதற்கெடுத்தாலும் அபசகுனம் பேசும் ஆள் என்று அவரை ஒதுக்க முடியாது. ஒய்2கேயால் பொருளாதார மந்தம் வரும் என்று அவரே பயந்தபோது எல்லோரும் காது கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியதற்கும் பொருளாதார மந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

பழைய புரோகிராம்களில் இடத்தை மிச்சப்படுத்த 1965-ஐ 65 என்றே எழுதினார்கள். அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பன்கூட, அறுபது எழுபதுகளில் தானும் அப்படித்தான் எழுதியதாக 1998-இல் செனட் குழுவிடம் சொன்னார். 2000 பிறந்ததும் 00 என்பதைக் கணினி 1900 என்று எடுத்துக்கொண்டால் வட்டி, தவணை, காலாவதித் தேதி எல்லாம் குழம்பும்.

யார்டெனி இதை 1973-74 எண்ணெய் நெருக்கடியோடு ஒப்பிட்டார். எண்ணெய் நின்றபோது உற்பத்தி சுருங்கியது. தகவல் நின்றாலும் அப்படியே ஆகும் என்றார். ஒரு கம்பெனி தன் கணினியைச் சரிசெய்துவிடலாம். அதற்குச் சரக்கு அனுப்புகிறவர் சரிசெய்யாவிட்டால்? அவருடைய வாதத்தில் இன்றும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

அவர் கணிப்பை மாற்றிக்கொண்டே இருந்தாராமே?

ஆமாம். உலகப் பொருளாதார மந்தம் வர 40 சதவீத வாய்ப்பு என்றார். 1998 மார்ச்சில் அதை 60 ஆக்கினார், அதே ஆண்டில் 70. புதுத் தகவல் வந்தால் கணிப்பு மாறத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல மாட்டேன். எனக்கு இடிப்பது வேறு. கெட்ட செய்திக்கு எண் ஏறியது, நல்ல செய்திக்கு அந்த வேகத்தில் இறங்கவில்லை. 1999-இல் வால் ஸ்ட்ரீட் நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய வர்த்தக ஒத்திகை நன்றாகவே முடிந்தது. மக்கள் பணம் எடுக்க வந்தால் கொடுக்க மத்திய வங்கி 5,000 கோடி டாலர் நோட்டுகளைக் கூடுதலாக வைத்திருந்தது. அதன் பிறகும் மந்தம் வரும் என்ற எச்சரிக்கையை அவர் கைவிடவில்லை.

அப்புறம், 70 சதவீதம் என்று சொன்னால் மந்தம் வந்தாலும் தப்பில்லை, வராவிட்டாலும் மீதி 30 இருக்கிறது. ஆனால் அவர் அந்த முப்பதுக்குள் ஒளியவில்லை. 2000 தொடக்கத்திலேயே தன் கணிப்பு பலிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஒன்றுமே நடக்கவில்லை. அப்படியென்றால் எல்லாம் புருடாதானே அண்ணா?

அப்படி இல்லை தம்பி. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் தகவலைக் கையாளும் தரைக் கணினிகள் சில மணி நேரம் முடங்கின. நியூயார்க் மாநிலத்தில் வீடியோ கடை ஒன்று, கேசட் நூறு வருடம் தாமதம் என்று 91,250 டாலர் பில் போட்டது. இவ்வளவோடு நின்றதற்குக் காரணம் முன்கூட்டியே நடந்த வேலை. உலகச் செலவு 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை ஆகும் என்று கார்ட்னர் என்ற தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. நம் ஆட்களுக்கும் அதில் பங்கு உண்டு. டிசிஎஸ் சென்னையில் இதற்கென்றே பெரிய மையம் நடத்தியது.

யார்டெனி பிழையைச் சரியாகத்தான் பார்த்தார். பயந்துபோன நிர்வாகிகள் எவ்வளவு வேகமாகக் காசை இறக்குவார்கள் என்பதைத்தான் குறைத்து எடைபோட்டார். அவர்களைப் பயமுறுத்தியவர்களில் அவரும் ஒருவர் என்பது தனிக் கதை.

ஆனால் 2001-இல் மந்தம் வந்ததே?

வந்தது, அமெரிக்காவில் அந்த மார்ச்சில் தொடங்கியது. டாட்காம் எனப்பட்ட இணைய நிறுவனங்களின் பங்குகள் சரிந்ததும் கம்பெனிகள் முதலீட்டைக் குறைத்ததும் காரணம். அதை யார்டெனி கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

அடுத்த தேதிச் சிக்கல் 2038 என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை 32 பிட் (இரும இலக்க) எண்ணில் எண்ணும் கணினிகளில் 2038 ஜனவரி 19 அன்று எண்ணிக்கை நிரம்பிவிடும். 64 பிட்டுக்கு மாறியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. தொழிற்சாலைக் கருவிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் பழைய சில்லுகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இதற்கு யாராவது சதவீதம் சொன்னால், எந்தச் செய்தி வந்தால் அதைக் குறைப்பீர்கள் என்று கேளுங்கள்.