ஒருமுறை கமராவோடு கடலுக்குள் இறங்கலாமா?

கேள்வி: முதன்முறையாக ஸ்கூபா டைவிங் போகிறேன். விலை கூடிய கமரா வாங்க வசதியில்லை. ஒருமுறை மட்டும் பாவிக்கும் ஃபிலிம் கமரா சரிவருமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: சரிவரும் தங்கச்சி, ஆனால் தண்ணீர் புகாத வகையா என்று பார்த்து வாங்குங்கள், அதிலும் ஃபுஜிஃபில்மின் கமரா 10 மீட்டர் வரைக்கும், கோடாக்கினுடையது 15 மீட்டர் வரைக்கும்தான். 10 மீட்டரிலேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், எல்லையைத் தாண்டினால் ஷட்டர் இறுகிவிடலாம், தண்ணீரும் உள்ளே போகலாம். கொழும்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்கள் பல 30 மீட்டர் ஆழத்தில், அங்கே இதைக் கொண்டுபோகவே வேண்டாம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு மாதிரி ஆழம் குறைந்த இடம்தான் இதற்கு அருமை.

ஃபிளாஷ் கிடையாது. வெயில் உச்சியில் நிற்கும் நேரம் இறங்குங்கள், சில மீட்டர் போனாலே சிவப்பு மங்கி எல்லாம் நீலமாகிவிடும். தண்ணீருக்குள் மீன் இருப்பதைவிடக் கிட்டத் தெரியும், ஆனாலும் ஒரு மீட்டருக்குள் நெருங்கினால் படம் தெளிவாக விழாது. அப்புறம், கமரா ஆடாமல் இருக்கட்டும் என்று மூச்சை மட்டும் அடக்கிவிடாதீர்கள், ஸ்கூபாவில் அது நுரையீரலுக்கே ஆபத்து. இருப்பது 27 படம், நிதானமாக எடுங்கள்.