பேனாவைத் தூக்கினால் தொடர்ச்சி போய்விடுமா?

கேள்வி: பேனாவைத் தூக்காமல் வரைய முடிந்தால் அது தொடர்ச்சியான சார்பு என்று படித்து வைத்திருக்கிறேன். 1/எக்ஸ் வரைபடமோ இரண்டு துண்டாக இருக்கிறது. ஆனாலும் அது தன் சார்பகத்தில், அதாவது மதிப்பு வரையறுக்கப்பட்ட எக்ஸ்களில், தொடர்ச்சியானது என்கிறார் ஆசிரியர். தேர்வில் எதை எழுதுவது?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, மேலூர்

பதில்: ஆசிரியர் சொல்வதே சரி. பேனா விதி எளிய சார்புகளுக்குக் கைகொடுக்கும். அதையே வரையறையாகப் பிடித்துக்கொண்டால் இடறும்.

பேச்சு வழக்கில் தொடர்ச்சி என்றால் நடுவில் நிற்காதது. கணிதம் கேட்பது வேறு: எக்ஸைச் சற்றே நகர்த்தினால் மதிப்பும் சற்றே நகருமா, தாவுமா?

கோடையில் வைகை வறண்டால் ஓட்டம் நின்றுவிட்டது என்கிறோம். மதுரை ஏ.வி. பாலத்துத் தூணில் நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். மட்டம் இறங்கிப் பூச்சியமாகும், மாதக்கணக்கில் பூச்சியமாகவே இருக்கும், அணை திறந்ததும் ஏறும். பூச்சியமும் ஒரு மதிப்புதானே! தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்தாலும், இரண்டடியிலிருந்து மூன்றடிக்கு ஏறும் மட்டம் இரண்டரை அடியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆறு அறுந்தது, நீர்மட்டச் சார்பு அறவில்லை. சார்பகம் துண்டுபடாமல் இருந்தால், தொடர்ச்சியான சார்பு இடைப்பட்ட எந்த மதிப்பையும் விடாது என்பதை 1817-ல் கணித அறிஞர் போல்சானோ நிறுவினார். அதற்குத் தொடர்ச்சியின் துல்லியமான வரையறை அவருக்குத் தேவைப்பட்டது.

மாட்டுத்தாவணியிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் பஸ் எங்கும் நிற்காமலே வரட்டும். கட்டணம் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் தாவும். ஸ்டேஜை எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் அந்தத் தாவல் சிறுக்காது. இடப்பக்கமிருந்து நெருங்கும்போது மதிப்பு சென்று சேரும் இடம், அதாவது இடப்பக்க எல்லை, ஒன்று; வலப்பக்க எல்லை வேறொன்று. அந்தப் புள்ளியில் தொடர்ச்சி இல்லை.

பேனா விதி மறுபக்கமும் தோற்கும். எல்லாப் புள்ளிகளிலும் தொடர்ச்சியாக இருந்தும் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு இல்லாத ஒரு சார்பை 1872-ல் கணித அறிஞர் வையர்ஸ்ட்ராஸ் முன்வைத்தார். அதை எந்தப் பேனாவாலும் வரைய முடியாது. எனக்கு மிகவும் பிடித்த சார்பு அது.

இனி தேர்வு. ஒரு புள்ளியைக் கொடுத்தால் அங்கே மதிப்பு உண்டா, எல்லை உண்டா, இரண்டும் சமமா என்று வரிசையாக எழுதிக் காட்டுங்கள். ‘பூச்சியத்தில் 1/எக்ஸ் தொடர்ச்சியானதா?’ என்று கேட்டால், மதிப்பே வரையறுக்கப்படாததால் இல்லை என்று முதல் படியிலேயே முடித்துவிடலாம். ‘சார்பகத்தில்’ என்று கேட்டால், பூச்சியம் அதில் சேராது; மற்ற எல்லாப் புள்ளிகளிலும் மூன்றும் பொருந்துவதால் தொடர்ச்சியானது. பூச்சியத்தில் நாமாக ஒரு மதிப்பை வைத்தும் சரிசெய்ய முடியாது: பூச்சியத்தை நெருங்க நெருங்க இடப்புறம் அது முடிவில்லாமல் கீழே போகிறது, வலப்புறம் முடிவில்லாமல் மேலே.