கேள்வி பதில்: மாநாடு சரி, வர்ற கட்டுரையை யார் படிக்கிறது?

கருத்தரங்கம், மாநாடு நடத்துறவங்க கட்டுரை, டாக் செலக்ட் பண்றதுல வர்ற சிக்கலை எழுதி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததுல சிலதுக்கு இங்க பதில்.

எங்க தமிழ்த்துறைல பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்தணும்னு ஹெச்ஓடி சொல்றாங்க. கையில மூணு மாசம்தான் இருக்கு. கட்டுரை வாங்கி, படிச்சு, தேர்ந்தெடுக்க போதுமா?
– உதவிப் பேராசிரியை, திருச்சி

ஹால், சாப்பாடு, பேனர், பேர் போட்ட பை, இதுக்கெல்லாம் மூணு மாசம் தாராளம் மேடம், கட்டுரை படிக்கத்தான் பத்தாது. 2010 கோவை மாநாடு எப்படி வந்துச்சுன்னு உங்க துறைல மூத்தவங்களைக் கேளுங்க. 2009 செப்டம்பர்ல அறிவிச்சப்போ அது ஒன்பதாவது உலகத் தமிழ் மாநாடு, அடுத்த ஜனவரியிலயே நடக்கிறதா இருந்துச்சு. உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்துக்கு அப்போ தலைவர் ஜப்பான் வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா. ஒழுங்கா ஒரு ஆய்வு மாநாடு நடத்தணும்னா குறைஞ்சது ஒரு வருஷமாவது வேணும்னு அவர் சொல்லிட்டார், தேதியை ஜூனுக்குத் தள்ளியும் ஒத்துவரல, கடைசியில மன்றம் இல்லாமயே அரசு ஜூன் 23லேர்ந்து 27 வரைக்கும் ‘உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு’ன்னு தனியா நடத்துச்சு. ஒரு மாநில அரசுகிட்டயே அவர் ஒரு வருஷம் கேட்டார், நீங்க ஹெச்ஓடிகிட்ட ஆறு மாசமாவது கேக்கலாம். படிக்கிறவங்களுக்கு நாலு வாரம் கொடுத்தா ஆறு வாரம் எடுப்பாங்க, முடிவு பண்ண ரெண்டு வாரம், எழுதினவங்க திருத்தி அனுப்ப ஒரு மாசம், வெளிநாட்டுக்காரங்களுக்கு விசா வேற. முடியாதுன்னா ‘பன்னாட்டு’ங்கறதை எடுத்துட்டு நாலஞ்சு பேரை நேரடியா கூப்பிட்டுப் பேச வைங்க, அது ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

போன வருஷம் எல்லாத்தையும் மெயில்ல வாங்கினோம். ஒரே கட்டுரை மூணு வெர்ஷன்ல கிடந்துச்சு, எதை யார் படிச்சாங்கன்னே தெரியல. எந்த சாஃப்ட்வேர் நல்லது?
– பொறியியல் கல்லூரி ஆசிரியர், கோவை

ஆராய்ச்சிக் கட்டுரைன்னா ஈஸிசேர், மைக்ரோசாஃப்டோட சிஎம்டி, ஹாட்சிஆர்பி, மூணுல எது வேணா சரி. ஈஸிசேர் மான்செஸ்டர்ல 2002லயே ஆரம்பிச்சது, பார்க்கப் பழைய கவர்மென்ட் ஆபீஸ் மாதிரிதான் இருக்கும், ஆனா வேலை நடக்கும். கட்டுரை இல்லாம வெறும் டாக் மட்டும்னா ப்ரீடாக்ஸ், ஓப்பன் சோர்ஸ், சொந்த சர்வர்லயே போட்டுக்கலாம், ஷெட்யூலும் அதுலயே போடலாம்.

ஆனா சார், சாஃப்ட்வேரை விட ஃபார்ம்ல என்ன கேக்குறீங்கங்கறதுதான் முக்கியம். அப்ஸ்ட்ராக்டை, அதாவது கட்டுரைச் சுருக்கத்தை, ரெண்டா பிரிச்சு வாங்குங்க. ஒண்ணு நிகழ்ச்சி நிரல்ல அச்சாகுறது, இன்னொண்ணு கமிட்டிக்கு மட்டும், அதுல எத்தனை நிமிஷம் எதைப் பேசப்போறேன்னு எழுதச் சொல்லுங்க. அச்சுக்கு எழுதுறதுல எல்லாரும் ‘இத்துறையில் ஒரு புதிய பார்வை’ன்னுதான் எழுதுவாங்க, ரெண்டாவதுல மாட்டிக்குவாங்க. அப்புறம் டெட்லைன் முடிஞ்சு மெயில்ல யார் அனுப்பினாலும் வாங்கக்கூடாது, கரெஸ்பாண்டென்ட்டோட மச்சான் அனுப்பினாலும்.

ஒரு கட்டுரைக்கு மூணு ரிவ்யூவரும் 5, 1, 3ன்னு மார்க் போட்டிருக்காங்க. இன்னொண்ணுக்கு மூணு பேரும் 3. ரெண்டுக்கும் ஆவரேஜ் 3தான், பாக்கி இருக்கறது ஒரே இடம். எதை எடுக்கிறது?
– மாநாட்டுக் குழு உறுப்பினர், சென்னை

நான் முதல் கட்டுரைப் பக்கம்தான் சாய்வேன். ஆனா அதுக்கு முன்னாடி 1 போட்டவர் என்ன எழுதியிருக்கார்னு படிக்கணும். ‘கணக்கு தப்பு’, ‘இதை ஏற்கெனவே வேற ஆள் செஞ்சாச்சு’ன்னு எழுதியிருந்தா மத்தவர் 5 போட்டதெல்லாம் செல்லாது. ‘எனக்கு ஆர்வமா இல்ல’ன்னு மட்டும் எழுதியிருந்தா அந்த 1ஐ நான் கணக்குலயே எடுக்க மாட்டேன். மூணு பேரும் 3 போட்டதுன்னா யாருக்கும் கோவமும் இல்ல ஆசையும் இல்லன்னு அர்த்தம், அதை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சா ஹாலே தூங்கும்.

மார்க்கை எந்த அளவுக்கு நம்பலாம்னு 2014ல மான்ட்ரியல்ல நடந்த நிப்ஸ்ங்கற ஏஐ மாநாட்டுல (இப்போ நியூரிப்ஸ்னு பேர்) சோதிச்சே பார்த்தாங்க. கொரின்னா கார்ட்டஸ், நீல் லாரன்ஸ்னு ரெண்டு பேர்தான் அந்த வருஷம் நிகழ்ச்சிக் குழு தலைவர்கள். வந்ததுல 166 கட்டுரையை ரெண்டு தனித்தனி கமிட்டிகிட்ட கொடுத்தாங்க, ஒரு கமிட்டி சொல்றது இன்னொண்ணுக்குத் தெரியாது. 43 கட்டுரைக்கு முடிவு நேர்மாறா வந்துச்சு. இதென்ன, நாலுல ஒண்ணுதானேன்னு தோணும், ஆனா ஒரு கமிட்டி எடுத்த கட்டுரைல பாதிக்கு மேல இன்னொரு கமிட்டி தள்ளியிருக்கு! 2021ல திரும்பப் பண்ணினாங்க, கிட்டத்தட்ட அதே கதைதான். பல வருஷம் கழிச்சு அதே ரெண்டு பேரும், 2014ல எடுத்த கட்டுரைங்களை அப்புறம் எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்கன்னு பார்த்தா, அதுக்கும் அன்னிக்குப் போட்ட மார்க்குக்கும் சம்பந்தமே இல்ல. ரிவ்யூவருங்க மோசமானதைக் கண்டுபிடிக்கிறதுல பரவாயில்ல, நல்லதுல எது ரொம்ப நல்லதுன்னு சொல்றதுலதான் தடுமாறுறாங்க.

அதனால 3.2க்கும் 3.4க்கும் நடுவுல கோடு போட்டுட்டு ‘நியாயமா செஞ்சோம்’னு நினைக்காதீங்க. சுவிட்சர்லாந்து பெர்ன் பல்கலைக்கழகத்து ஆஸ்கர் நியர்ஸ்ட்ராஸ் ஒரு வழி சொல்லியிருக்கார், எனக்கு ரொம்பப் பிடிச்சது. நம்பருக்குப் பதிலா ஏ, பி, சி, டின்னு நாலு எழுத்து. ஏ போட்டா ‘இதை எடுக்கணும், இதுக்காக நான் வாதாடுவேன்’. பி போட்டா ‘எடுக்கலாம், ஆனா வாதாட மாட்டேன்’. சி போட்டா ‘வேண்டாம், ஆனா எடுத்தா தடுக்க மாட்டேன்’. டி போட்டா ‘எடுத்தா நான் சண்டைக்கு வருவேன்’. மீட்டிங்ல ஏயும் டியும் சேர்ந்து வந்த கட்டுரையை முதல்ல பேசுங்க, நேரம் செலவு பண்ண வேண்டியது அதுக்குத்தான். ஒரு ஏ கூட இல்லாததை அப்படியே விட்டுடலாம். உங்க 5, 1, 3ல 5 போட்டவரை ஃபோன்ல கூப்பிட்டு ‘இதுக்கு ஏன் இடம் கொடுக்கணும், சொல்லுங்க’ன்னு கேளுங்க, அவர் சொல்றதுலயே பாதி தெரிஞ்சுடும்.

ரெண்டு மாநாட்டுக்கு டாக் அனுப்பி ரெண்டுமே ரிஜெக்ட். செலக்ட் ஆனவங்க எல்லாம் பெரிய கம்பெனி ஆளுங்க. பேரைப் பார்த்துத்தான் எடுக்கிறாங்களா?
– சாஃப்ட்வேர் டெவலப்பர், மதுரை

பேரைக் காட்டினா அதோட பாதிப்பு இருக்கத்தான் செய்யுது தம்பி. டபிள்யூஎஸ்டிஎம்னு ஒரு கம்ப்யூட்டர் மாநாடு, 2017ல ஒவ்வொரு கட்டுரையையும் எழுதினவர் பேர் தெரிஞ்ச ரெண்டு பேர், தெரியாத ரெண்டு பேர்னு நாலு பேர்கிட்ட கொடுத்தாங்க. பேர் தெரிஞ்சவங்கதான் பிரபலமான ஆளுங்க, பெரிய பல்கலைக்கழகம், பெரிய கம்பெனி இவங்களோட கட்டுரையை அதிகமா ‘எடுக்கலாம்’னாங்க. எதைப் படிக்கிறோம்னு கேட்டு வாங்கும்போதே அவங்க கை பெரிய இடத்துப் பக்கம் போயிருக்கு.

அதுக்காக கடைசி வரைக்கும் பேரை மறைச்சும் வைக்க முடியாது, டாக்னா ஆளுக்குப் பேச வருமான்னும் பார்க்கணுமே. முதல் சுத்துல பேர் மறைச்சு, கடைசி சுத்துல திறக்கிறதுதான் சரி. அடுத்த தடவை அனுப்புறதுக்கு முன்னாடி ரூல்ஸ்ல இதைப் பாருங்க. உங்க அப்ஸ்ட்ராக்டையும் அனுப்பியிருந்தீங்களே, அதுல டூலோட பெருமைதான் இருக்கு, நீங்க அதை வெச்சு என்ன பண்ணீங்க, எங்க உதைச்சுதுன்னு ஒரு வரி கூட இல்ல.

பாதி அப்ஸ்ட்ராக்ட் சாட்ஜிபிடி எழுதின மாதிரியே இருக்கு. எல்லாத்தையும் தள்ளிடலாமா?
– ஆராய்ச்சி மாணவி, வேலூர்

‘மாதிரியே இருக்கு’ன்னு தள்ளாதீங்க, சரியா இங்கிலீஷ் எழுத வராத பையன்தான் முதல்ல அடிபடுவான். உள்ள விஷயம் இருக்கான்னு பாருங்க. மெஷின் எழுதினது உள்ள நுழையறது புதுசும் இல்ல, 2005லயே எம்ஐடி மாணவர்கள் சைஜென்னு ஒரு ப்ரோக்ராம் எழுதி, அது உளறின கட்டுரையை ஒரு மாநாட்டுல ஏத்துக்கவே வெச்சாங்க. 2014ல ஆய்வுக் கட்டுரை வெளியிடுற ஸ்ப்ரிங்கரும் ஐஇஇஇயும் அந்த மாதிரி 120 கட்டுரைக்கு மேல வாபஸ் வாங்கினாங்க. யாரும் படிக்கல, அவ்வளவுதான்.

எனக்கு ரிவ்யூவர் பக்கம்தான் கவலை. சில பெரிய ஏஐ மாநாடுகளோட ரிவ்யூவை எடுத்து ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்க 2024ல அலசினதுல, அந்த ரிவ்யூ எழுத்துல 6.5லேர்ந்து 16.9 சதவீதம் வரைக்கும் மெஷின் கை பட்டிருக்கலாம்னு வந்துச்சு. 2025ல சில பேர் கட்டுரைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத எழுத்துல ‘நல்லதா மட்டும் சொல்லு’ன்னு மெஷினுக்கு உத்தரவு ஒளிச்சு வெச்சிருந்ததும் வெளிய வந்துச்சு. ரிவ்யூவர்கிட்ட ‘இந்தப் பக்கத்துல இந்த இடம்’னு குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்க, பொத்தாம்பொதுவா வந்தா திருப்பி அனுப்புங்க.

ரிஜெக்ட் மெயிலை எப்போ, எப்படி அனுப்புறது?
– சேலம்

செலக்ட் ஆனவங்க வர்றேன்னு உறுதி சொன்னப்புறம், வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு அது வெயிட்டிங் லிஸ்ட்னு சொல்லிட்டு, மீதிப் பேருக்கு ஒரே நாள்ல. ரிவ்யூவர் எழுதினதையும் சேர்த்து அனுப்புங்க, ஆனா அதுல ஏதாவது திட்டு இருக்கான்னு ஒரு தடவை படிச்சுட்டு. பதிலே போடாம விடறதை மட்டும் செய்யாதீங்க.

எங்க கமிட்டி தலைவரே ஒரு கட்டுரை அனுப்பியிருக்கார். எடுக்கலாமா?
– பெயர் வேண்டாம்

கூடாது. உறுப்பினர் அனுப்பினா அந்தக் கட்டுரையை அவர் கண்ணுல படாம சாஃப்ட்வேர்லயே மறைச்சு, பேசும்போது வெளிய போய் நிக்கச் சொல்லலாம், கைடு, மாணவர், சொந்தக்காரர், ஒரே காலேஜ் எல்லாருக்கும் அதே ரூல்தான். தலைவரை எங்க வெளிய அனுப்புறது? அவர்தான் வரவேற்புரைல எப்படியும் அரை மணி நேரம் பேசப் போறாரே.