40 நிமிடத்தில் ஒரே ஒரு ஜால்ரா

கே: செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனியைப் படமாகப் பார்த்தேன். 40 நிமிடத்தில் ஒரே ஒரு தடவை ஜால்ரா தட்டுகிறவருக்கும் முழுச் சம்பளமா? நேரில் கேட்பதற்கு இந்தப் படம் ஈடாகுமா?

ப: 40 நிமிடத்துக்கு ஒரே ஒரு ஜால்ரா, அதுவும் அடக்கமாக! நம்மூர்க் கட்சி ஆபீஸில் இவரை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். இங்கே தலைவர் தும்மினாலே நாலு தட்டு விழும்.

தட்டுக்கு இவ்வளவு என்று அங்கே கூலி பேசுவதில்லை. ஒத்திகைக்கும் கச்சேரிக்கும் சேர்த்துத்தான் சம்பளம். மூன்றாம் பகுதியில் கேட்கும் ட்ரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பி வாத்தியமும் பெரும்பாலும் அவர் கைவண்ணம்தான். அந்த ஒற்றைத் தட்டு வருவது கடைசிப் பகுதி தொடங்கி ஒன்றே முக்கால் நிமிடம் வாக்கில். துவோர்ஷாக் அங்கே கேட்பது நடுத்தர ஓசை. ஓங்கி அடிப்பது சுலபம், இதுதான் கஷ்டம். இரண்டு தட்டும் நேருக்கு நேர் மோதினால் நடுவில் காற்று சிக்கி, ‘பொத்’தென்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே சற்றுச் சாய்த்து, ஒரு விளிம்பு முன்னால் பட, மற்றது பின்னால் பட வேண்டும். பிசகினால் திரும்பத் தட்ட வாய்ப்பு கிடையாது. இந்த வம்பே வேண்டாமென்று, தொங்கவிட்ட ஒற்றைத் தட்டைக் குச்சியால் தொடுகிறவர்களும் உண்டு.

படத்தில் நிஜ ஜால்ரா யார் தெரியுமா? கேமரா! இசை எங்கே பிறந்தாலும் அது இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் முகத்துக்கே ஓடும். புகழ்பெற்ற கண்டக்டர் காராயான் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். 1966-ல் இதே சிம்பொனியை அவரும் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் வாசிக்க, பிரெஞ்சு சினிமா இயக்குநர் க்ளூஸோ படமாக்கினார். பிற்பாடு காராயான் தன் படங்களைத் தானே இயக்கத் தொடங்கினார். பலவற்றில் ஒலியை முதலில் பதிந்துவிட்டு, பிறகு அதற்கேற்ப வாசிப்பதுபோல் நடிக்கவைத்து எடுத்தார்கள். காற்று சிக்கும் பயம் ஜால்ராக்காரருக்கு இல்லை; காராயானின் மூடிய கண்களை எந்தக் கோணத்தில் காட்டுவது என்பதுதான் பெரிய கவலை.

ஒழுங்காக எடுக்கிறவர்கள் ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான இசைக் குறிப்பை வைத்துக்கொண்டு, எந்த பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) எந்த கேமரா என்று முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். ஒருவர் பார் எண்ணிக்கொண்டே இருப்பார். இரண்டாம் பகுதியின் கோர் ஆங்க்லே என்ற குழல் வாத்தியத்தின் தனிவாசிப்புக்கு, முதல் சுரத்தில் வெட்டினால் காலம் கடந்துவிட்டது; கலைஞர் மூச்சிழுக்கும்போதே கேமரா அங்கே இருக்க வேண்டும். முதல் பகுதியின் ஆரம்பக் கட்டத்தை இரண்டாம் தடவை வாசிப்பதா, விடுவதா என்பதைக் கண்டக்டர் முன்னாடியே சொல்லாவிட்டால் மொத்தப் பட்டியலும் குப்பைக்கூடைக்கு.

சும்மா இருப்பவரைத் தேடினால் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி வாசிப்பவரைப் பாருங்கள். இரண்டாம் பகுதியில் பத்துப் பதினைந்து சுரங்கள், அவ்வளவுதான் அவருக்கு வேலை. முடிந்ததும் பின்வாசல் வழியாக நழுவவும் முடியாது. படம் எடுக்கிறார்களே, அடுத்த ஷாட்டில் காலி நாற்காலி தெரிந்துவிடும்.