கொட்டும் இராணியும் குடி கவரும் இராணியும்

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பிறகு நாகமலை அடிவாரத்தில், கட்டெறும்புப் புற்று ஒன்றின் வாயருகே, இறக்கை உதிர்ந்த இராணி எறும்பு ஒன்றைப் பிடித்தேன். நீரும் பஞ்சும் இட்ட சோதனைக் குழாயில் வைத்திருக்கிறேன். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், நிறம் கருமை, முன்பு நான் வளர்த்த கட்டெறும்பு இராணியைவிட மிகவும் ஒல்லி. பிடிக்கும்போது விரலில் கொட்டிவிட்டது. மூன்று வாரங்கள் ஆகியும் முட்டையிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது பிற எறும்புகளின் கூட்டைக் கைப்பற்றும் ஒட்டுண்ணி இராணி என்றும், கட்டெறும்புகள் சிலவற்றை உள்ளே விட்டால்தான் பிழைக்கும் என்றும் நண்பர் கூறுகிறார். விடலாமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். வளர்ந்த கட்டெறும்புகள் அந்நிய வாசனையுள்ள இராணியைக் கால்களைப் பிடித்திழுத்துக் கொன்றுவிடக்கூடும்.

அது கொட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே முக்கியமான சான்று. கட்டெறும்பும் அதன் நெருங்கிய உறவினங்களும் கடிக்கும், கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். ஆனால் அவற்றுக்குக் கொடுக்கு இல்லை. பிற கூட்டைக் கவரும் ஒட்டுண்ணி எறும்புகள் பெரும்பாலும் தமக்கு நெருங்கிய உறவான இனத்தையே கவர்கின்றன என்பதை இத்தாலிய ஆய்வாளர் கார்லோ எமெரி 1909-இல் எடுத்துக்காட்டினார். அந்த விதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. எனவே கொடுக்குள்ள ஓர் இராணி கட்டெறும்புக் குடியைக் கவர வந்தது என்று கொள்வதற்கு இடமில்லை. மழைக்குப் பின் தரையில் நடமாடும் எந்த இராணியும் ஏதேனும் ஒரு புற்றைக் கடந்துதான் போக வேண்டியிருக்கும்.

பூதக்கண்ணாடியால் பக்கவாட்டில் பாருங்கள். இடையில் ஒரே ஒரு கணு இருந்து, அதற்குப் பின்னுள்ள வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாம் வளையத்துக்கும் நடுவே கயிறு கட்டி இறுக்கியதுபோல் ஒரு பள்ளம் தெரிந்தால், அது பொனரினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த வேட்டை எறும்பு என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். நம் பக்கத்துத் தோட்டங்களிலும் கண்மாய்க்கரைகளிலும் இவ்வகை எறும்புகள் ஏராளம்.

கட்டெறும்பு இராணி மண்ணுக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, இனிப் பயன்படாத இறக்கைத் தசைகளையும் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பையும் கரைத்தே முதல் குஞ்சுகளுக்கு ஊட்டிவிடும். அதனால்தான் அதன் மார்பும் வயிறும் பருத்திருக்கின்றன. வேட்டை எறும்புகளில் பெரும்பாலானவற்றின் இராணியிடம் அவ்வளவு சேமிப்பு இல்லை. கூட்டைவிட்டு வெளியே வந்து இரை தேடித்தான் முதல் புழுக்களை அது வளர்க்க வேண்டும். ஒல்லியான உடல், ஓயாத ஓட்டம், முட்டையில்லாமை ஆகிய மூன்றையும் உங்கள் நண்பர் ஒட்டுண்ணியின் குறிகளாகக் கொண்டார். அவர் மீது குறையில்லை. ஒட்டுண்ணி இராணிகள் பலவும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இங்கே அவை பசியின் குறிகளாகவே எனக்குத் தோன்றுகின்றன. மூன்று வாரம் உணவின்றி இருந்திருந்தால் இன்றே உணவு கொடுங்கள்.

இறக்கையோ காலோ பிய்த்த சிறிய கறையான், கொசு, வெட்டுக்கிளிக் குஞ்சின் தொடை ஆகியவற்றில் ஒன்றை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வையுங்கள். பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து எடுத்த பூச்சி வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் ஒரு துளி போதும். மிச்சத்தை மறுநாளே அகற்றிவிடுங்கள். இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். குழாயின் ஒரு முனையை ஈர மண் இட்ட சிறிய பெட்டியோடு இணைத்தால் இராணி வெளியே வந்து வேட்டையாடிவிட்டுத் திரும்பலாம். குழாயைக் கருப்புத் தாளால் மூடி, தகரக் கூரைக்கோ மேல்தளத்து வெயிலுக்கோ அருகில் வைக்காமல், 27 முதல் 30 டிகிரி வரை வெப்பமுள்ள, அசைவில்லாத மூலையில் வையுங்கள். சர்க்கரை டப்பாவை வீட்டில் தண்ணீர்த் தட்டில் வைப்பதுபோல இதையும் வைத்தால்தான் சிற்றெறும்புகள் படையெடுக்காமல் தடுக்க முடியும். இராணியைக் கையால் தொட வேண்டாம். மெல்லிய தூரிகையைப் பயன்படுத்துங்கள். வேட்டை எறும்புகளின் கொட்டு சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இறக்கை உதிர்ந்துவிட்டது என்பதனாலேயே அது இணைசேர்ந்த இராணி என்று உறுதியாகாது. முட்டைகள் வந்தும் வேலைக்கார எறும்புகள் வராமல், இறக்கையுள்ள ஆண்கள் மட்டுமே வந்தால், இணைசேராதது என்று பொருள்.

கேள்வி: உண்மையான ஒட்டுண்ணி இராணி அந்நியக் கூட்டுக்குள் எப்படி நுழைகிறது? அத்தகைய ஒன்று கிடைத்தால் வளர்ப்பது எவ்வாறு?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: எறும்புகள் ஒன்றையொன்று உடலின் மேற்பூச்சிலுள்ள வாசனையாலேயே அடையாளம் காண்கின்றன, நுழைய வரும் இராணி திருட வேண்டியது அந்த வாசனையைத்தான். ஜப்பானில் வாழும் பாலிராக்கிஸ் லாமெல்லிடென்ஸ் என்னும் ஒட்டுண்ணி எறும்பின் இராணி, காம்போனோட்டஸ் ஜப்பானிகஸ் என்னும் கட்டெறும்பு இனத்து வேலைக்கார எறும்பின் மேல் ஏறி உடலை உரசி அதன் வாசனையைப் பூசிக்கொண்டு கூட்டுக்குள் போகிறது. லாசியஸ் என்னும் எறும்பு வகையைச் சேர்ந்த ஒட்டுண்ணி இனங்கள் இரண்டைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. உள்ளே புகுந்த இராணி, அக்கூட்டின் சொந்த இராணிமேல் தன் வயிற்றிலிருந்து திரவத்தைப் பீய்ச்சுகிறது. வாசனை மாறிய தாயை அதன் மகள்களே பகையென்று கருதிக் கொன்றுவிடுகின்றன. பிறகு வந்தேறி இராணியின் முட்டைகளை அவையே வளர்க்கின்றன. பழைய வேலைக்கார எறும்புகள் ஒவ்வொன்றாக இறந்து முடியும்போது குடி முழுவதும் புதியவளுடையதாகிவிடுகிறது.

லாசியஸ், ஃபார்மிகா முதலியவை குளிர்நிலத்து இனங்கள். மதுரை வெயிலில் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். அதனால் வெளிநாட்டு வளர்ப்போரின் குறிப்புகளை இங்குள்ள இராணிகளுக்கு அப்படியே பொருத்துவது தவறாகும். ஒட்டுண்ணி என்பது ஐயமற உறுதியானால் மட்டும், அது கவரும் இனத்தின் கூட்டுப்புழுக்கள் சிலவற்றையும், அப்போதுதான் வெளிவந்து நிறம் வெளுத்திருக்கும் இளம் வேலைக்கார எறும்புகள் இரண்டு மூன்றையும் கொடுக்க வேண்டும்; தம் கூட்டின் வாசனையை இன்னும் முழுமையாகப் பற்றாத இளசுகளே அந்நியத் தாயை ஏற்கும். ஒன்று இராணியின் காலைக் கவ்வினாலும் உடனே பிரித்துவிடுங்கள். புற்று முழுவதையும் தோண்டிப் பாழாக்க வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: வளர்க்க இயலாத இராணியைத் தோட்டத்தில் விட்டுவிடலாமா?
— வாசகி, மேலூர்

பதில்: பிடித்த இடத்திலேயே விடுங்கள். மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும் மாலையில், வேறு புற்றுகள் அருகில் இல்லாத ஒரு கல்லின் ஓரத்தில் குழாயைச் சாய்த்து வைத்தால், அது தானே இறங்கிப் போய்விடும்.