போலீஸ் அதிகாரியாக இருந்தவர் மனநல நெருக்கடி உதவிப் பணிக்கு மாறினால் சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் போலீஸ் புத்தியில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும், மீதிப் பாதி ரொம்பவே உதவும். நான் சில வருடங்கள் அமெரிக்காவின் மெம்பிஸில் இருந்தவன், அதனால் அந்த ஊர்க் கதையையே சொல்கிறேன்.

1987 செப்டம்பரில் அங்கே மனநோய் இருந்த 27 வயது கறுப்பின இளைஞர் ஒருவர் கையில் கத்தியோடு தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று அவசர உதவி எண்ணான 911க்குப் போன் போனது. வந்த போலீஸ் கத்தியைக் கீழே போடச் சொன்னது, அவர் போடவில்லை, சுட்டுவிட்டார்கள். ஊர் கொதித்தது. 1988இல் போலீஸ், நோயாளிகளின் குடும்பங்கள் சேர்ந்த நாமி அமைப்பு, மருத்துவர்கள், பல்கலைக்கழக ஆட்கள் எல்லோருமாகச் சேர்ந்து சிஐடி என்று ஒரு குழுவை ஆரம்பித்தார்கள் (நம்மூர் சிஐடி இல்லை, இது நெருக்கடி நேரத்தில் போய்ப் பேசுகிற குழு). அதைக் கட்டி நடத்தியவர் சாம் காக்ரன் என்ற போலீஸ் அதிகாரி. ரிடையர் ஆகும்வரை சுமார் 20 வருடம் அதிலேயே இருந்தார், அப்புறமும் மற்ற ஊர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

தானாக முன்வரும் ரோந்துப் போலீஸுக்கு 40 மணி நேரப் பயிற்சி. நோயோடு வாழ்கிறவர்களும் வந்து பேசுவார்கள், சீருடைக்காரர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது ஆஸ்பத்திரி ஏற்பாடுதான். மனநோயாளியைக் கூட்டிப்போய் எமர்ஜென்சியில் மணிக்கணக்காகக் காத்துக்கிடக்க வேண்டுமென்றால் எந்தக் கான்ஸ்டபிளும் சிறைக்கே கொண்டுபோவார், வேலை சீக்கிரம் முடிந்துவிடுமே! அதனால் போலீஸ் கூட்டிவரும் நோயாளியை மறுக்காமல், சீக்கிரம் சேர்த்துக்கொள்ளும் ஒரே இடம் வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ரோந்து போனவருக்குத்தான் இந்த நோவு தெரியும்.

நான் பார்த்தது ஒன்று. எங்கள் கீழ்வீட்டுப் பையன் ஒரு ராத்திரி சட்டையில்லாமல் கார் நிறுத்துமிடத்தில் கத்திக்கொண்டிருந்தான். அவன் அம்மா போனில் 'சிஐடி ஆளை அனுப்புங்கள்' என்று கேட்டே கூப்பிட்டார். வந்தவர் வாக்கி டாக்கியின் சத்தத்தைக் குறைத்தார், பத்தடி தள்ளி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார், பேரைக் கேட்டார், அப்புறம் ரொம்ப நேரம் சும்மா இருந்தார். நான் பால்கனியில் கால் வலிக்க நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பையன் அவனாகவே போய்ப் போலீஸ் காரில் ஏறினான்.

இது எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். சிஐடியால் காயங்களும் கைதுகளும் குறைகின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. போலீஸே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு, ஆரிகன் மாநிலத்தின் யூஜீனில் 1989இலேயே ஆயுதமில்லாத மருத்துவ உதவியாளரையும் நெருக்கடி ஆலோசகரையும் வேனில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். எனவே போலீஸ் வேலையை விட்டு வருகிறவர் அந்த மாதிரி வேனில் சில ராத்திரி பின்சீட்டில், வாய் திறக்காமல், போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.